மீந்துபோன மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள்

பென்னாகரம் பக்கம் எங்கள் வீட்டு நாய்க்குப் போன வருசம் காதில் சீழ். என் பல்வலிக்கு வாங்கி மீந்திருந்த அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் (கிருமிக்கொல்லி) மாத்திரையைக் களி உருண்டைக்குள் வைத்து மூன்று நாள் கொடுத்தேன். குறைந்த மாதிரி இருந்தது. பத்தே நாளில் திரும்பிவிட்டது. கால்நடை மருத்துவர் சீழைப் பஞ்சில் தொட்டெடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு (கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது) அனுப்பினார். அந்த மருந்துக்கு அடங்காத கிருமி என்று முடிவு வந்தது. அந்தப் பரிசோதனையை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

இத்தகைய கிருமிகள் நாய், பூனையின் தோலிலும் மூக்கிலும் குடலிலும் நோயே காட்டாமல் குடியிருக்கும். எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமி நம்மிடமிருந்து அவற்றுக்கும், அவற்றிடமிருந்து நமக்கும் தொற்றும். அதற்காகப் பிள்ளை மாதிரி வளர்த்ததை விரட்டாதீர்கள். ஆரோக்கியமானவர்களுக்கு ஆபத்து குறைவு. கைக்குழந்தை, சர்க்கரை நோயாளி, ஆபரேஷன் முடிந்து வந்தவர் இருக்கும் வீட்டில்தான் கூடுதல் கவனம் தேவை.

புண்ணையும் முகத்தையும் நக்க விடாதீர்கள். பீ அள்ளிய பிறகும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவுங்கள். கோழிக்கடைக் கழிவைப் பச்சையாகப் போடவே வேண்டாம். வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டுப் போடுங்கள். டாக்டர் 7 நாள் சொன்னால் 7 நாளும் மருந்து கொடுங்கள். பூனைக்கு நம் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

வீட்டில் யாருக்காவது சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வந்தால், நாய் வளர்ப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.