சமூகவியலுக்கு முதல் புத்தகம்: வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஜூனில் கல்லூரி திறந்த முதல் வாரமே பிள்ளைகள் வந்து நிற்பார்கள்: "எந்த புக்குங்க சார் வாங்கறது?" கோபி, காங்கேயம், பல்லடம் என்று ஊர் ஊராக பஸ் ஏறி வருகிறவர்கள். பாதிப் பேர் வீட்டில் தறி ஓடுகிறது, இல்லையென்றால் அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறார். ஐந்நூறு ரூபாய் அந்த வீடுகளில் சின்னக் காசு இல்லை. அதனால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பேர்பெற்ற நூல் என்பதற்காகத் தடிப்புத்தகத்தைச் சொல்லிவிடுவது முதல் தவறு. பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆந்தணி கிடென்ஸின் சமூகவியல் நூல் நல்ல நூல்தான். ஆனால் அதன் அண்மைப் பதிப்புகள் 1,000 பக்கத்தைத் தாண்டுகின்றன. செமஸ்டருக்கு ஐந்து யூனிட் நடத்துகிற நமக்கு அதில் நாலைந்து அத்தியாயம் தேவைப்படும். நூலகத்தில் இரண்டு பிரதி இருந்தால் போதும்.

இதற்குப் பயந்து கைடு பக்கம் போவது இன்னும் மோசம். சுருக்கம், மலிவு இரண்டும் அதில் உண்டு. ஆனால் உள்ளே இருப்பது வெறும் வரையறைதான். 'புறமணம் என்பது தன் குழுவுக்கு வெளியே மணம் செய்துகொள்வது.' இரண்டு மார்க் கேள்விக்கு இது போதும். வகுப்பில் இந்த வரியைப் படித்தபோது ஒரு முகத்திலும் அசைவில்லை. மறுநாள், குலம் என்றால் என்ன, அதற்குள் ஏன் மணம் கூடாது என்று உதாரணங்களோடு மூன்று பக்கம் விளக்கியிருந்த வேறொரு நூலை வாசித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து காங்கேயத்துப் பையன் எழுந்தான். "சார், இது எங்க கூட்டம் மாதிரியேதானுங்க. ஒரே கூட்டத்துக்குள்ள பொண்ணு எடுக்க மாட்டாங்க, பங்காளி மொறை ஆயிருமுங்க." கொங்குப் பக்கம் குலத்தைத்தான் கூட்டம் என்பார்கள். அப்புறம் ஆளுக்கு ஆள் தங்கள் வீட்டுக் குலதெய்வ வழக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். மணி அடித்தும் பேச்சு நிற்கவில்லை.

தலைப்புகளைக் குறைத்த நூல் சுருக்கமான நூல். உதாரணங்களை வெட்டியெறிந்த நூல் அப்படி அல்ல. கடையில் நின்றபடியே குடும்பம், திருமணம் பற்றிய அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். நம் நாட்டு உதாரணம் ஒன்றுகூட இல்லையென்றால் வைத்துவிடலாம். நம் பக்கத்து உதாரணமே வேண்டுமென்றால், மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பகுதியில் தங்கி ஆராய்ந்து 1972இல் வெளியிட்ட கொங்கு நாட்டு நூலிலிருந்து சில பக்கங்களை வகுப்பில் வாசிக்கலாம்.

புதிய பதிப்புதான் வேண்டும் என்று அடம்பிடிப்பதும் வீண் செலவு. தற்கொலையைப் பற்றி பிரெஞ்சு சமூகவியலாளர் தர்கைம் 1897இல் எழுதியது எந்தப் பதிப்பிலும் மாறப்போவதில்லை. கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் கிடைப்பதை தாராளமாக வாங்கலாம். சட்டமும் புள்ளிவிவரமும் வரும் இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். தன்பாலுறவைக் குற்றமாகக் கருதிய 377ஆம் பிரிவு பற்றிய 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2019 திருநர் சட்டம் போன்றவை பழைய பதிப்பில் இருக்காது. அவற்றை ஆசிரியரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

தமிழ்வழி மாணவர்கள் கலைச்சொல்லைச் சரிபார்க்காமல் வாங்கிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் socialization என்கிற ஒரே சொல்லுக்கு ஒரு நூலில் சமூகமயமாதல், இன்னொன்றில் சமூகவயமாதல். பழைய வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காசே இல்லாமல் கிடைப்பதைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். மத்திய அரசின் பள்ளிப் பாடநூல்களை வெளியிடும் என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம் வகுப்பு சமூகவியல் நூல்களை அதன் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். எளிய ஆங்கிலம், இந்திய உதாரணங்கள். பள்ளிக்கூடப் புத்தகம்தானே என்று கல்லூரியில் ஒதுக்குகிறார்கள். சமூகவியலை முதல்முறையாகத் தொடுகிற பிள்ளைக்கு அந்த அளவுதான் சரி. ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டில்தான் வரும், அதற்குள் முதல் யூனிட் முடிந்துவிடும். எனவே ஜூனில் இதை இறக்கிக்கொண்டு பாடத்தை ஆரம்பியுங்கள். எந்த அத்தியாயத்துக்கு இது போதவில்லை என்று அதற்குள் தெரிந்துவிடும்; திருவிழாவுக்குப் போகும்போது அதற்கு மட்டும் ஒரு நூல் தேடுங்கள்.