கம்ஃபர்ட் மோடிலும் வண்டி தூக்கிப் போடுதா? ஷொக் மாத்துறதுக்கு முன்னாடி இதைச் செய்து பாருங்க

சில வண்டிகளில் பட்டனை அமத்தினால் ஷொக் (வண்டி துள்ளாமல் அடக்குகிற ஷொக் அப்சோர்பர்) கரண்டால் இறுகவும் இளகவும் செய்யும். டாஷ்போர்டில் 'கம்ஃபர்ட்' என்று எழுத்து விழுந்ததும் அது இளகிவிட்டது என்று நம்பிவிடாதீங்க. நீங்க பட்டனை அமத்தினதை வண்டி கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். சக்கரத்துப் பக்கத்தில் இருக்கிற ஷொக்குக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தாலும் அதால் ஏதாவது செய்ய முடிகிற நிலைமையா என்பது வேற கதை.

இதைப் பார்க்காமல் கராஜுக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "ஷொக் போயிருச்சு தம்பி, நாலையும் மாத்தணும்." சாதாரண ஷொக் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றிவிடலாம். எலக்ட்ரோனிக் ஷொக் விலை ஒரு மாதச் சம்பளத்தில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை. அண்ணனுடைய ஜெர்மன் கார் ஹட்டனிலிருந்து கினிகத்தேனை இறங்கும்போது ஒட்டுப்போட்ட இடத்திலெல்லாம் இடுப்பை உடைத்தது. எங்களுக்கும் இதையேதான் சொன்னார்கள். இன்றைக்கும் அதில் இருப்பது பழைய ஷொக் நாலும்தான். குறை இருந்த இடம் வேற. அந்தப் படியை வேண்டுமென்றே நீட்டி எழுதியிருக்கிறேன்.

இந்த விளக்கம் இரும்பு ஸ்பிரிங்கும் எலக்ட்ரோனிக் ஷொக்கும் உள்ள வண்டிகளுக்கு. ஃபோக்ஸ்வாகனில் டிசிசி, பிஎம்டபிள்யூவில் ஈடிசி, டொயோட்டாவில் ஏவிஎஸ் என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். ஜக் அடித்துச் சக்கரம் கழட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

சாமான்கள்: டயர் கேஜ், அளவு டேப், மல்டிமீட்டர், டோர்க் ரென்ச் (அளவு பார்த்துப் போல்ட் இறுக்குகிற சாவி), ஸ்கேனர். ஸ்கேனரில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். சாதாரண ஆப்போடு வருகிற மலிவான ஈஎல்எம் 327 புளூடூத் கட்டை இன்ஜின் கோடுகளை (வண்டி பதிந்து வைக்கிற குறைக் குறியீடுகளை) வாசிக்கும், அதாவது 'பி' என்று தொடங்குகிறவை. சஸ்பென்ஷன் கோடுகள் 'சி'யில் தொடங்கும். அதை வைத்துக்கொண்டு "கோட் ஒண்ணும் இல்ல" என்று முடிவு கட்டுவது, கண்ணை மூடிக்கொண்டு ரோட்டில் ஆள் இல்லை என்கிற மாதிரி. 'சி' கோடுகளை வாசிக்க ஃபோக்ஸ்வாகன், அவுடிக்கு விசிடிஎஸ், டொயோட்டாவுக்கு டெக்ஸ்ட்ரீம், பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா. சொந்தமாக வாங்கத் தேவையில்லை, வைத்திருக்கிற ஆளைத் தேடிப் போனால் போதும்.

படி 1: எங்கே ஓட்டிப் பார்ப்பது

நம்ம பக்கத்து ரோடே முதல் குழப்பம். அடப்டிவ் சிஸ்டம், அதாவது ஷொக்கை நடத்துகிற கம்பியூட்டர், ஸ்டியரிங் திருப்பத்தையும் பிரேக்கையும் கவனித்துக்கொண்டே இருக்கும். வளைவில் பொடி (வண்டியின் உடல்) சாயாமல், பிரேக்கில் மூக்கு குத்தாமல் இருக்க அதுவே ஷொக்கை இறுக்கும். கம்ஃபர்டில் இருந்தாலும் இறுக்கும். கினிகத்தேனை இறக்கத்திலோ இறம்பொடைப் பக்கமோ வளைவு முடியுமுன் அடுத்தது வந்துவிடும், கால் பிரேக்கிலேயே இருக்கும். அங்கே ஹார்டாகத் தெரிவதில் ஒரு பங்கு சிஸ்டம் தன் வேலையைச் செய்வதுதான்.

ஆகவே சோதிக்க நேரான, சமமான துண்டு ஒன்று வேண்டும். நுவரெலியாவில் கிரகரி வாவி ஓரத்து ரோடு எனக்குப் பிடித்த இடம். ஒரே வேகத்தில், மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில், கம்ஃபர்டில் ஒரு தடவை, ஸ்போர்டில் ஒரு தடவை ஓட்டுங்க. உடம்பை நம்பாதீங்க. ஃபைபாக்ஸ் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது, ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் செய்தது. போனை சீட் தண்டவாளத்தில் டேப் போட்டு ஒட்டி, முடுக்கத்தைப் பதிந்து, இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்க. இரண்டும் வேறு வேறாக இருந்தால் எலக்ட்ரோனிக் பகுதி உயிரோடு இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். ஒன்றுபோலவே இருந்தால் படி 4 உங்களுக்குத்தான்.

அடியின் தன்மையையும் கவனியுங்க. சின்னச் சின்ன ஒட்டுகளில் 'டக் டக்' என்று கூர்மையாக வந்தால் டயர் அல்லது புஷ் (சஸ்பென்ஷன் மூட்டில் இருக்கிற ரப்பர்). பெரிய பள்ளத்தில் மட்டும் 'டமார்' என்று வந்தால் பம்ப் ஸ்டொப் (ஷொக் கடைசிவரை அமுங்கும்போது முட்டுகிற கட்டை).

படி 2: டயர்

"மலை ஏறினா காத்து கூடிரும், அதான் ஹார்டா இருக்கு" என்று எல்லாருக்கும் தெரிந்த மாதிரிச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கொழும்பில் 33 காட்டின டயர் அங்கே ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ கூடக் காட்ட வேண்டும். ஆனால் கொழும்பில் 30 பாகை என்றால் அங்கே 15. அந்தக் குளிருக்கு ஏறக்குறைய இரண்டரை பிஎஸ்ஐ குறையும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. காத்துக் கூடியிருந்தால் யாரோ அடித்துத்தான் கூடியிருக்கும். கேட்காமலே 40 அடித்து விடுகிற பெட்ரோல் ஷெட் எத்தனையோ. காலையில் வண்டி எடுக்குமுன், உங்க சொந்தக் கேஜால், டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற அளவுக்குச் சரி பண்ணுங்க.

டயர் எந்த வகை என்றும் பாருங்க. காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடுகிற ரன்ஃப்ளட் டயரின் பக்கச்சுவர் தடித்தது, இயல்பிலேயே அடிக்கும். ஜீப் வகைகளில் "தோட்டத்து ரோட்டுக்கு நல்லது" என்று பாரத்துக்கென்று செய்த தடித்த 10 ப்ளை டயர் போட்டிருந்தால் எந்த ஷொக்காலும் உங்களைக் காப்பாற்ற முடியாது. பக்கச்சுவரில் கடைசி நாலு எண் தயாரித்த காலம்: 2316 என்றால் 2016இன் 23ஆம் வாரம். அவ்வளவு பழைய ரப்பர் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே இறுகியிருக்கும்.

படி 3: உயரம்

சமதரை வேண்டும், நம்ம ஊரில் அதுதான் அரிது. வீட்டு முற்றம் சமம் என்று கண்ணுக்குத் தோன்றும், மட்டக்கோல் வைத்தால் தெரியும். தெரிந்த ஆள் இருந்தால் தேயிலை பெக்டரி முற்றம், இல்லாவிட்டால் சீமெந்து போட்ட சேர்விஸ் ஸ்டேஷன். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்க. ஒரே அச்சில் இடமும் வலமும் 10 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் நான் சந்தேகப்படுவேன்.

உயரம் இறங்கியிருந்தால் வண்டி பம்ப் ஸ்டொப்பில் உட்கார்ந்து ஓடுகிறது என்று அர்த்தமாகலாம். உறுதி செய்ய, ஷொக்கின் தூசி உறையை (டஸ்ட் பூட்) தூக்கி, பளபளப்பான தண்டில் மெல்லிய கேபிள் டை ஒன்றைத் தளர்வாகக் கட்டி, கீழே தள்ளி விடுங்க. ஒரு ஓட்டம் ஓடி வந்து பார்த்தால் ஷொக் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று அது நின்ற இடம் சொல்லும். முடிந்ததும் வெட்டி எடுத்துவிடுங்க.

அப்படியே உயர சென்சரையும் பாருங்க. சக்கரத்தைப் பிடித்திருக்கிற கீழ் ஆர்மிலிருந்து பொடிக்கு விரல் நீளக் கம்பி ஒன்று, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குமிழோடு போகும். சேறும் கல்லும் பட்டு அந்தக் குமிழ் கழன்றுவிடும். பல வண்டிகளில் ஹெட்லைட்டின் உயரத்தைத் தீர்மானிப்பதும் அதே சென்சர்தான். ராத்திரி லைட் வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டுத் தேயிலை மலையைக் காட்டினால், ஷொக்கைத் தொடுமுன் அந்தக் கம்பியைத் தேடுங்க.

படி 4: கரண்ட்

கோட் இருக்கிறதா என்று ஸ்கேன் பண்ணுங்க. ஒரு ஷொக்கில் வயர் அறுந்தாலே பல வண்டிகளில் கம்பியூட்டர் நாலையும் கைவிட்டுவிடும். அப்போது ஷொக் எந்த நிலையில் நிற்கும் என்பது வகையைப் பொறுத்தது. அவுடி மெக்னடிக் ரைட் போல காந்தத் திரவம் உள்ளவை கரண்ட் இல்லாவிட்டால் இளகிவிடும். வால்வ் வகைகளில் வண்டிக்கு வண்டி மாறும், இறுகி நிற்பவையும் உண்டு.

அடுத்தது மல்டிமீட்டர். இக்னிஷனை நிறுத்தி, ஷொக்கின் வயர் சொக்கட்டைக் கழட்டி, இரண்டு முனைக்கும் இடையே ஓம் (மின்தடை) பாருங்க. சொற்ப ஓம்தான் வரும், ஆகவே மீட்டர் வயரைத் தொட்டு வைத்து அதன் சொந்த எண்ணைக் கழித்துக்கொள்ளுங்க. சரியான அளவைத் தேடி அலைவதைவிட இடதையும் வலதையும் ஒப்பிடுவது நல்லது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். (ஷொக் தலையில் மோட்டர் வைத்த பழைய டொயோட்டா வகைகளுக்கு வயர் அதிகம், இந்த முறை அப்படியே பொருந்தாது.)

சொக்கட்டுக்குள் எட்டிப் பாருங்க. நம்ம பக்கத்து மழைக்கும் மூடுபனிக்கும் பின்கள் பச்சை பூத்துக் கிடக்கும். கன்டக்ட் கிளீனர் மட்டும் பாவியுங்க. டபிள்யூடி-40 எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைக்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

கடைசியாக, முன் சொக்கட் இரண்டையும் கழட்டி ஒதுக்கிக் கட்டிவிட்டு மெதுவாக ஒரு சுற்று. வார்னிங் லைட் வரும், பயப்பட வேண்டாம், பிறகு அழிக்கலாம். சொக்கட் பூட்டியிருந்தபோது இருந்த ஓட்டமும் கழட்டின ஓட்டமும் ஒன்றுபோலவே இருந்தால், பூட்டியிருந்தபோதும் கட்டளை போய்ச் சேராமல் இருந்திருக்கலாம், அல்லது உள்ளே வால்வ் சிக்கியிருக்கலாம். வித்தியாசம் தெரிந்தால் ஷொக் வேலை செய்கிறது, மேலே போங்க.

படி 5: புஷ். எங்களைச் சுற்றவிட்டது இதுதான்

அண்ணன் வண்டியில் ஒரு கோடும் இல்லை. இடது வலது ஓம் ஒன்று. ஸ்போர்டுக்கும் கம்ஃபர்டுக்கும் வரைபடத்தில் தெளிவான வித்தியாசம். ஆனாலும் அடி. பழைய பில்களைப் புரட்டினபோதுதான் பிடிபட்டது: லோவர் ஆர்ம் புஷ் மாற்றின பிறகுதான் இந்தத் தொல்லை. புதுப் புஷ் போட்ட இடத்தில் யாரும் குறை தேடமாட்டார்கள் இல்லையா?

புஷ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் விளங்கும். வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவில் ஒட்டின ரப்பர். போல்ட்டை இறுக்கினதும் உள்குழாய் சேசிஸோடு பிடிபட்டுவிடும், அது சுழலாது. ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கிறது. வண்டி ஹொய்ஸ்டில் தொங்கிக்கொண்டிருக்க, சக்கரம் கீழே இறங்கின நிலையிலேயே போல்ட்டை இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கின நொடியே ரப்பர் முறுக்கேறிவிடும். நிற்கும்போதே முறுக்கு. பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் அது யாரும் கேட்காத ஒரு மேலதிக ஸ்பிரிங். வண்டி கொஞ்சம் உயர்ந்தும் நிற்கும், புஷ்ஷும் சீக்கிரம் வெடிக்கும். எலக்ட்ரோனிக் பக்கத்துக்கு இதில் ஒரு குறையும் தெரியாது, ஆகவே கோடும் வராது.

சரி பண்ணுகிற விதம்: வண்டி நாலு சக்கரத்திலும் நிற்க வேண்டும். குழி உள்ள சேர்விஸ் ஸ்டேஷன் இதற்கு உத்தமம், ஓட்டி ஏற்றுகிற ஹொய்ஸ்டும் சரி. முதலில் உயரத்தை அளந்து எழுதுங்க. ஆர்மின் சேசிஸ் பக்கப் போல்ட்டுகளைக் கழட்டாமல் தளர்த்த மட்டும் செய்யுங்க. எங்க வண்டியில் வலது போல்ட் தளர்ந்ததும் 'டொக்' என்று ஒரு சத்தம், டேப் பிடித்திருந்த என் கையிலேயே மட்கார்ட் இறங்கினது தெரிந்தது. பொனட்டை இரண்டு தரம் அமத்தி ஆட்டி, வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, திரும்ப அளந்து பாருங்க. அதுதான் உண்மையான உயரம். அந்த நிலையில் வைத்தே டோர்க் ரென்சால் இறுக்குங்க. அளவு வேர்க்ஷொப் மனுவலில் இருக்கும். ஐரோப்பிய வண்டிகளில் பல போல்ட் ஒருமுறை இழுபட்டால் திரும்பப் பாவிக்கக் கூடாதவை, புதிதாக வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்க. "கை அளவில எனக்குத் தெரியும்" என்கிற மெக்கானிக் பாஸிடம் இந்த வேலையைக் கொடுக்க மாட்டேன்.

குழி கிடைக்காதவர்கள் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்முக்குக் கீழே ஜக் வைத்து அந்த உயரம் வரும்வரை தூக்கலாம். தூக்கும்போது வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்ளுங்க. தூக்காத சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்க. ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகாதீங்க. சாய்வில் இந்த வேலையே வேண்டாம்.

உயரம் மாறினதால் வீல் எலைன்மன்டும், சென்சரின் உயரக் கலிப்ரேஷனும் கட்டாயம். இரண்டாவதை முக்கால்வாசிப் பேர் மறக்கிறார்கள். பழைய உயரத்தையே சரியென்று நினைத்துக்கொண்டு கம்பியூட்டர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

படி 6: இனித்தான் ஷொக்

எண்ணெய் லேசாகக் கசிந்து தூசி ஒட்டியிருந்தால் பொறுக்கலாம். வழிந்திருந்தால் மாற்றணும், ஒரே அச்சில் சோடியாக. இன்ஜினை நிறுத்திவிட்டுப் பொனட்டை அமத்திப் பார்க்கிற பழைய சோதனையால் இந்த ஷொக்குகளில் தீர்ப்புச் சொல்ல முடியாது, கரண்ட் இல்லாதபோது அது வேற ஆள். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பார்ட்ஸ் கடைகளில் ரீகண்டிஷன் எடுக்கிறீங்க என்றால் பார்ட் நம்பர் எழுத்து எழுத்தாகப் பொருந்த வேண்டும். உருவம் ஒன்றாக இருந்தாலும் உள்வால்வ் வேறாக இருக்கும்.

பிறகு சேர்த்தது: இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை உள்ள எயார் சஸ்பென்ஷன் பற்றிச் சிலர் கேட்டிருந்தீங்க. படிகள் பெரும்பாலும் இவையே, ஆனால் ஜக் அடிக்குமுன் மனுவலில் சொன்னபடி ஜக் மோடைப் போடுங்க. இல்லாவிட்டால் வண்டி தன்பாட்டில் உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் கையை விடாதீங்க.

பண்டாரவளையிலிருந்து ஒரு அக்கா, பெட்டரி மாற்றின நாளிலிருந்து சஸ்பென்ஷன் லைட் எரிவதாக எழுதியிருந்தார். அக்கா, பல வண்டிகளில் பெட்டரி கழன்றால் ஸ்டியரிங் கோணச் சென்சர் தன் நடுநிலையை மறந்துவிடும். இன்ஜினைப் போட்டு ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பி, நேராகக் கொஞ்சத் தூரம் ஓட்டிப் பாருங்க. அதற்கும் அணையாவிட்டால் ஸ்கேனுக்குப் போங்க. ஷொக்குக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீங்க.