தண்டம் கட்டினால் முடிந்துவிடாது: கனடா வரும் வன்னிப் பிள்ளைகளுக்கு

கிளிநொச்சியில் அண்ணன் வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். என் பெறாமகன் அடுத்த கிழமை கனடா போகிறான். மனைவி ஸ்பொன்சர் செய்து பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்திருக்கிறது. வழியனுப்ப வந்த சனம் குளிர்ச்சட்டை பற்றியும் வேலை பற்றியும் நிறையச் சொன்னது. பொலிஸ், கோடு (நீதிமன்றம்) பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பயணம் போகிற பிள்ளையிடம் அதைப் பேசுவது சகுனக்கேடு என்று நினைக்கிறார்கள். நான் பேசினேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை; கனடாவில் ஸ்காபரோவில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் துணையாகக் கோட்டுக்குப் போய் வந்தவன்.

இங்கே லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடிப் பிடிபட்டாலும், பெர்மிட் இல்லாமல் மணல் ஏற்றிப் பிடிபட்டாலும் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வா." தவணைக்குத் தவணை அலைந்தால் கூலி போகும், வயல் வேலை கெடும். இந்த ஊரில் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. கனடாவில் அதே புத்தி உங்கள் பி.ஆரைப் பறித்துவிடும்.

ஏனென்றால், உங்களுக்குக் கிடைத்த தண்டனையை மட்டும் குடிவரவுச் சட்டம் பார்ப்பதில்லை. அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் எத்தனை வருடச் சிறை விதிக்கலாம் என்று பார்க்கும். அது 10 வருடமோ அதற்கு மேலோ என்றால், பி.ஆர். உள்ளவருக்கு அது பாரதூரமான குற்றம். 6 மாதத்துக்கு மேல் சிறை விதிக்கப்பட்டாலும் அப்படித்தான். இரண்டில் ஒன்று இருந்தாலே நாடுகடத்தும் வேலையைத் தொடங்கலாம்.

குடித்துவிட்டு வாகனம் ஓடுவதை எடுங்கள். 2018 டிசம்பர் 18 முதல் அதன் அதிகபட்சத் தண்டனை 10 வருடம். முதல் தடவை பிடிபட்டவருக்குப் பெரும்பாலும் 1000 டொலரில் தொடங்கும் தண்டமும் ஒரு வருடம் வாகனம் ஓடத் தடையும்தான். ஒரு நாள்கூட மறியலில் இருக்காமல் வீட்டுக்கு வந்தவருக்கும் பி.ஆர். ஆட்டம் காணும். ஊதிக் காட்ட மறுத்தாலும் அதே அதிகபட்சத் தண்டனை. அகதிக் கோரிக்கை வைத்துக் காத்திருப்பவர் என்றால், கோரிக்கை விசாரணைக்கே போகாமல் நின்றுவிடலாம். கலியாண மண்டபத்தில் இருந்து வீட்டுக்குப் பத்து நிமிடம்தானே என்று திறப்பை எடுக்காதீர்கள். வேகமாக ஓடியதற்கு வரும் டிக்கட் வேறு விஷயம். அது குற்றவியல் வழக்கு இல்லை.

அடுத்தது வீட்டுச் சண்டை. எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது இதுதான். மனைவிக்கு அடிப்பது எந்த ஊரிலும் குற்றம். இங்கே பெரியவர்கள் பேசிச் சமாளித்துவிடுகிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. அங்கே 911 அழைத்து வழக்குப் பதிந்த பிறகு மனைவி நினைத்தாலும் வாபஸ் வாங்க முடியாது. முடிவு அரச வழக்கறிஞருடையது. சாதாரணத் தாக்குதலுக்கு அதிகபட்சம் 5 வருடம். கையில் அகப்பட்டதை எடுத்து அடித்தாலோ காயம் வந்தாலோ 10 வருடம். தும்புத்தடியும் ஆயுதம்தான். தங்கச்சிமாருக்கும் ஒன்று: ஸ்பொன்சரில் வந்தவர் 2 வருடம் கணவனோடு இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையை 2017 இல் எடுத்துவிட்டார்கள். அடி வாங்கிக்கொண்டு பி.ஆருக்காக இருக்க வேண்டியதில்லை.

படிக்கவோ வேலைக்கோ விசாவில் வந்தவர்களுக்கு நாடுகடத்தும் வரம்பு இன்னும் தாழ்வானது. கடையில் சின்னக் களவு ஒன்றே போதும். முரசுமோட்டைப் பிள்ளை ஒருவன் அப்படி மாட்டினான். முதல் தவணையிலேயே "ஓம், நான்தான் எடுத்தேன்" என்று சொல்ல நின்றான். அவனுக்குக் கிடைத்த வழக்கறிஞர் விசா பற்றிக் கேட்கவே இல்லை. நாங்கள் தவணை கேட்டு, குடிவரவு தெரிந்த வேறொருவரைப் பிடித்தோம். கடைசியில் நிபந்தனையோடு விடுவித்தார்கள். அப்படி விடுவித்தால் சட்டப்படி அது குற்றத்தீர்ப்பு இல்லை. அவன் இன்று வேலையில் இருக்கிறான்.

ஆகவே வழக்கறிஞரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "நான் சிற்றிசன் இல்லை." மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அது உங்கள் உரிமை. தண்டனை விதிக்கும்போது குடிவரவு விளைவையும் நீதிபதி கருத்தில் எடுக்கலாம் என்று 2013 இல் கனடா உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் யாராவது அதை அவருக்குச் சொல்ல வேண்டும். 6 மாதமோ அதற்கு மேலோ சிறை என்றால், நாடுகடத்தும் உத்தரவுக்கு எதிராகக் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமை இல்லை. ஒரு நாள் குறைந்தால் உண்டு. "விளைவு தெரியாமல் ஒத்துக்கொண்டேன்" என்று பிறகு திரும்பிப் போவது கடினம்: தெரிந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன் என்று காட்ட வேண்டும் என்பது அதே உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு. அந்த வழக்கைக் கொண்டுபோனவர் அதைக் காட்ட முடியாமல் தோற்றார்.

இங்கே இருந்த பழைய வழக்குகளையும் படிவத்தில் மறைக்காதீர்கள். பொய் சொன்னது தெரிந்தால் 5 வருடத் தடை. 2009க்குப் பிறகு புனர்வாழ்வு முகாமில் இருந்தது குற்றத்தீர்ப்பு ஆகாது. ஆனால் தடுத்து வைக்கப்பட்டீர்களா என்று கேட்டால் ஆம் என்பதே பதில். அதற்கு வேறு சட்டப் பிரிவும் இருப்பதால், எழுதும் முன் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பெறாமகனுக்கு 2 வருடத்துக்கு முந்திய லைசென்ஸ் வழக்கு ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தில் சொல்லியிருக்கிறான், ஆனால் தீர்ப்பின் பிரதி கையில் இல்லை. திங்கட்கிழமை இரண்டு பேரும் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கப்போகிறோம்.