கல்லை முதலில் பாருங்கள்: பழங்கலையை ரசிக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் தேடிப் பார்ப்பதை அன்றாட விருப்பமாக வளர்த்துக்கொள்ள விரும்புவோருக்குத் தமிழ்நாடு பெரும் பேறு. காவிரிக் கரையில் அரைநாள் சுற்றினால், ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள கற்றளிகள் (கல்லால் கட்டப்பட்ட கோயில்கள்) இரண்டு மூன்றையாவது கண்டுவிடலாம். அவற்றுள் பலவற்றில் நுழைவுச்சீட்டும் இல்லை, கூட்டமும் இல்லை. ஆயினும் ஆர்வத்தோடு தொடங்கும் பலர், எல்லாக் கோயில்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று கூறிச் சில மாதங்களில் விலகிவிடுகிறார்கள். கோயில்கள் ஒன்றுபோல இல்லை. கண்ணெதிரே உள்ள கல்லை நிதானமாகப் பார்ப்பதற்கு முன்பே, அதைப் பற்றிச் சொல்லப்படும் கதையை ஏற்றுக்கொண்டுவிடுவதால்தான் அவை அப்படித் தோன்றுகின்றன. தொடக்கநிலையில் நேரும் தவறுகளுள் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்ளலாம். அதன் விமானத்தின், அதாவது கருவறைமேல் உயரும் கட்டடத்தின், நிழல் தரையில் விழாது என்ற கூற்றைக் கேளாதவர் இல்லை. காலையிலோ மாலையிலோ திருச்சுற்றில் ஐந்து நிமிடம் நின்றால், நீண்டு விழும் நிழலை எவரும் காணலாம். இருந்தும், அங்கே நின்றுகொண்டே அக்கூற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் செல்பவர்கள் உண்டு. அக்கோயிலைக் கட்டியவன் கரிகாலன் என்று தலபுராணம் கூறியதும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டுகள் முறையாகப் படிக்கப்படும்வரை பலரும் அதை நம்பியதும் இதே வகையைச் சேர்ந்தவை. தானும் தன் அக்கனும் தன் பெண்டுகளும் மற்றவர்களும் கொடுத்தவற்றை ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக என்று முதலாம் இராஜராஜன் இட்ட ஆணை அந்தச் சுவரிலேயே இருக்கிறது. தலபுராணத்தைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை; ஓர் ஊரின் பக்தியையும் நினைவையும் அறிய அது மதிப்புமிக்க சான்று. கட்டடத்தின் காலத்தை அறிவதற்கு மட்டும் அதைக் கொண்டு செல்லக் கூடாது.

அடுத்த தவறு இதைவிட நுட்பமானது. ஒரு கோயில் முழுவதையும் ஒரே மன்னன், ஒரே காலத்தில் கட்டியதாக எண்ணிவிடுகிறோம். பெரிய கோயிலில் அனைவரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. அம்மன் சன்னதி 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. நுண்ணிய வேலைப்பாடு கொண்ட முருகன் கோயில் மீண்டும் நாயக்கர் பணி. திருச்சுற்றில் உள்ள நெடிய மராட்டிய மொழிக் கல்வெட்டு 1803ஆம் ஆண்டில் இரண்டாம் சரபோஜி காலத்தில் வெட்டப்பட்டது. விமானத்தின் உள்நாழியிலும் (கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றுப் பாதையிலும்) நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பது 1931இல்தான் கண்டறியப்பட்டது. இதை அறியாமல் பார்ப்பவர் கோயிலின் ஒவ்வொரு பகுதியையும் இராஜராஜனுக்கே உரியதாக்கிப் பாராட்டிவிட்டு வருவார். அறிந்து பார்ப்பவரோ ஒரே வளாகத்தில் எண்ணூறு ஆண்டு வரலாற்றைக் கடந்து நடப்பார்.

உறையூர்ப் பஞ்சவர்ணசுவாமி கோயில் தூணில் மிதிவண்டி ஓட்டும் மனிதர் ஒருவரின் சிற்பம் இருக்கிறது. அதைக் காட்டி, பழந்தமிழர் மிதிவண்டியை அறிந்திருந்தனர் என்று பேசுவது கோயில்களில் திருப்பணிகள் தொடர்ந்து நடந்துவந்துள்ளன என்பதை மறந்ததன் விளைவு. அத்தூண் மிக அண்மைக்காலத் திருப்பணியில் சேர்ந்தது; தன் காலத்துப் புதுமையைச் சிற்பி கல்லில் வைத்தான் என்பதே உண்மை, அதுவே போதுமான அழகும் கூட.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி, பழைய செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றிக் கட்டுவித்தபோது, திருக்கோடிக்காவலில் பழைய கட்டடத்தில் இருந்த கொடைக் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். அவற்றில் ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது. அங்கே சுவருக்கு வயது குறைவு, சுவரில் உள்ள செய்திக்கு வயது அதிகம். தானங்களை இத்துணைப் பொறுப்போடு காத்த அந்த அரசியாரை எண்ணும்போது, இன்றைய திருப்பணிகளில் சுண்ணமும் வண்ணமும் கல்வெட்டுகளின்மேல் பூசப்படுவதைக் காண்பது பெரும் வேதனையாக இருக்கிறது.

ஒரு பகுதியின் காலத்தைக் கணிக்க முற்படுவோர் கோபுரத்தையோ உயரத்தையோ பார்த்து முடிவு செய்வதும் வழக்கமான தவறு. அடியிலிருந்து தொடங்கி மேலே செல்வதே முறை: அதிட்டானம் (அடித்தளம்), சுவர், கூரை, மேற்றளங்கள், கிரீவம் (கழுத்துப் பகுதி), சிகரம் (தலைப்பகுதி) என்று வரிசையாகக் கண்ணை நகர்த்த வேண்டும். தொடக்கத்தில் இவை அனைத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ள முயன்று குழம்புவதைவிட, ஒரே ஓர் உறுப்பைப் பின்தொடர்வது நல்லது. என் பரிந்துரை போதிகை. தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையே கைகளை விரித்ததுபோல நிற்கும் அந்தக் கல், பல்லவர் காலத்தில் வளைந்த முகத்தில் அலை அலையான வரிகளோடு காணப்படும்; முற்சோழர் காலத்தில் சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் மதலை என்னும் சிறு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும்; விஜயநகர, நாயக்கர் காலங்களில் கீழ்நோக்கித் தொங்கும் பூமொட்டாக முடியும். விதிவிலக்குகள் இருக்கத்தான் செய்யும். ஆயினும் பத்துக் கோயில்களில் போதிகையை மட்டும் பார்த்தவருக்குப் பதினோராவது கோயிலில் எந்த மண்டபம் பின்னர் சேர்க்கப்பட்டது என்பது தானே தெரியத் தொடங்கும். ‘எல்லாக் கோயிலும் ஒன்றுபோல’ என்ற அலுப்பு அன்றோடு நீங்கிவிடும்.

சிற்பத்தின் பெயரைக் கண்டுபிடித்தவுடன் அடுத்த சிற்பத்துக்கு நகர்ந்துவிடுவதும் தவிர்க்க வேண்டியது. பெயர் தெரிந்த பின்தான் பார்க்க வேண்டியது தொடங்குகிறது. திருமால் என்று அறிந்ததோடு நில்லாமல் கைகளில் உள்ள சங்கையும் சக்கரத்தையும் கவனித்தால், பல்லவர் சிற்பங்களில் அவற்றைச் சுற்றித் தீச்சுடர்கள் இல்லாமலும், பிற்காலத்தில் சுடர்கள் தோன்றியும் இருப்பதைக் காணலாம். மாமல்லபுரத்தில் இந்தப் பெயர்ச்சிக்கல் இன்னும் கூர்மையானது. ‘பஞ்சபாண்டவர் ரதங்கள்’ என்ற பெயருக்கும் பாண்டவருக்கும் தொடர்பு இல்லை; திரௌபதி ரதம் எனப்படுவதன் உள்ளே இருப்பவள் கொற்றவை. பெரிய பாறைப் புடைப்புச் சிற்பம் அருச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்பது அறிஞர்களிடையே நெடுநாள் விவாதம். ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தியிருக்கும் தவசியையும் அருகில் வரமருளும் சிவனையும் முதன்மையாகக் கொண்டால் ஒரு விடை தோன்றும். நடுப்பிளவில் மேலெழும் நாகர்களையும் அதன் உச்சியில் நீர் தேக்குவதற்கென அமைந்த இடத்தையும் முதன்மையாகக் கொண்டால் வேறொரு விடை தோன்றும். வழிகாட்டி சொல்லும் ஒரு பெயரை வாங்கிக்கொண்டு திரும்புவதால், இந்தச் சான்றுகளைத் தாமே எடைபோட்டுப் பார்க்கும் இன்பத்தை இழக்கிறோம். அப்பாறையின் கீழ்ப்பகுதியில் அதே தவசியைப் போலக் கைதூக்கி நிற்கும் பூனையையும் அதைச் சூழ்ந்த எலிகளையும் பார்க்காமல் வருவோரும் உளர்!

கல்வெட்டுகளிடம் வரும்போது இரண்டு எதிரெதிரான தவறுகள் நேர்கின்றன. ஒரு சாரார், இது நமக்குப் புரியாது என்று அருகிலேயே செல்வதில்லை; மற்றொரு சாரார் இரண்டு சொற்களைப் படித்தவுடன் பெரிய முடிவுகளை அறிவித்துவிடுகிறார்கள். சோழர் காலத் தமிழ் எழுத்தைப் பழகுவது அவ்வளவு கடினமன்று. மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடு காட்டப்படாது, ரகரமும் துணைக்காலும் (ா) ஒரே வடிவில் இருக்கும், வடசொற்களில் கிரந்த எழுத்துகள் கலந்திருக்கும் என்ற நான்கு செய்திகளை மனத்தில் கொண்டால், அடிக்கடி வரும் தொடர்கள் கண்ணுக்குப் பழகிவிடும். ‘காந்தளூர்ச்சாலைக் கலமறுத்தருளி’ என்றால் முதலாம் இராஜராஜன். ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்றால் முதலாம் பராந்தகன். ஆனால் வெறும் ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்தால் விரும்பிய மன்னரைச் சேர்த்துவிடக் கூடாது. பரகேசரி, இராஜகேசரி என்பன சோழர் மாறி மாறிச் சூடிய பட்டங்கள். ‘சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு’ என்ற தொடர் கண்ணில் பட்டால், நொந்தா விளக்கு (அணையா விளக்கு) ஒன்று எரிவதற்கு நெய் தரும் ஆடுகளை ஒருவர் கொடையளித்திருக்கிறார் என்று பொருள். ஆடுகள் ஈன்றும் இறந்தும் மாறினாலும் எண்ணிக்கை குறையாமல் இடையர் காப்பார் என்பதால் அவை சாவாதவை, மூவாதவை. அரசர்களின் போர்களைவிட இத்தகைய வரிகளே ஊரின் அன்றாட வாழ்வை நமக்குக் காட்டுகின்றன என்பது என் எண்ணம்.

பெரிய முடிவுகளுக்கு உத்திரமேரூர் தக்க எடுத்துக்காட்டு. பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகள், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து உறுப்பினரைத் தேரும் குடவோலை முறையை வியக்கத்தக்க நுணுக்கத்தோடு விவரிக்கின்றன. ஆனால் அதையே இன்றைய மக்களாட்சி என்று சொல்வோர், ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு வேண்டிய தகுதிகளை வாசிப்பதில்லை. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட, வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி ஆகியவை வேண்டும். அது பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரின், சபை. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்ட விதி இன்றும் நம்மை நாணச் செய்யக்கூடியது. அப்பெருமையைச் சொல்வதற்கு, மற்ற வரிகளை மறைக்க வேண்டிய தேவையே இல்லை.

எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியும் மாவும் எண்ணெயும் தேய்ப்பதை எக்காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. காலை, மாலைச் சாய்வெயிலில் எழுத்துகள் தாமாக எழும்பித் தெரியும். இருண்ட மண்டபமானால் கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். சித்தன்னவாசல் போன்ற இடங்களில் ஓவியத்தை விரலால் தொட்டுப் பார்ப்பது இதைவிடக் கொடியது, ஏனெனில் அங்கே எஞ்சியிருப்பதே கொஞ்சம்.

கோயில்களோடு நின்றுவிடுவதும் ஒரு குறைதான். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்து கொண்டவை. அவற்றுள் ஒன்று ‘ஆகோள்’ என்று ஆநிரை கவர்தலைக் குறிப்பிடுகிறது. சங்கப் பாடல்களில் படித்த செய்தி ஒரு சிற்றூரில் கல்லாக நின்றிருந்தது. ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் வீரன் உருவமும், குன்றின் சரிவில் சமணத் துறவிகளுக்கென வெட்டப்பட்ட கற்படுக்கையும் உங்கள் ஊர் எல்லைக்குள்ளேயே இருக்கக்கூடும்.

புகைப்படம் எடுப்பதில் பலரும் செய்யும் தவறு அழகான ஒரே கோணத்தோடு திருப்தியடைவது. முழுவதும், பக்கவாட்டிலும், பீடத்தையும், அருகில் உள்ள சுவரையும் சேர்த்து எடுத்து, ஊர், கோயில், திசை, நாள் ஆகியவற்றை அன்றே குறித்துவைக்க வேண்டும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோய் ஆஸ்திரேலியா சென்ற நடராசர் 2014இல் நாடு திரும்பியபோது, களவுக்கு முன்பே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்துவைத்திருந்த படங்களே அடையாளம் காண உதவின. கருவறையைப் படமெடுப்பதும் குருக்களின் அனுமதியின்றி எடுப்பதும் வேண்டா. வழிபாடு நடக்கும் கோயிலில் நாம் இரண்டாவதாக வந்தவர்கள்.

இறுதியாகப் பொருள்களை எடுத்துச் செல்வதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேட்டில் கிடக்கும் பானை ஓட்டை நினைவுப்பொருளாகப் பையில் போட்டுக்கொள்வது தீங்கற்றதாகத் தோன்றும். ஆனால் கிடந்த இடத்தைவிட்டு அகன்ற ஓடு, அந்த இடத்தைப் பற்றி எதையும் சொல்ல இயலாததாகிவிடுகிறது. எங்கிருந்து வந்தது என்று விற்பவர் கூறாத பழங்காசையோ செப்புத் திருமேனியையோ வாங்குவது கொள்ளைக்குத் துணைபோவதாகும். நிலத்தில் கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டிலிருந்து சட்டம். நூறாண்டு கடந்த தொல்பொருள்களின் விற்பனையும் ஏற்றுமதியும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டவை. புதிய நடுகல்லோ கல்வெட்டோ கண்ணில் பட்டால், இருந்த நிலையிலேயே படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ மாநிலத் தொல்லியல் துறையிடமோ தெரிவியுங்கள். காவல் இல்லாத இடமானால், அவர்கள் வந்து பதிவு செய்யும்வரை அதன் துல்லியமான இருப்பிடத்தை எங்கும் வெளியிடாதீர்கள்.