டிஃபரன்ஷியல் பேரிங்குக்கு ஷிம் கணக்குப் போடுவது எப்படி?

பேரிங்கை மாற்றிவிட்டுப் பழைய ஷிம்மையே, அதாவது பேரிங்குக்கு அடியில் வைக்கும் மெல்லிய வளையத் தகட்டையே, திரும்பப் போடாதீர்கள். ஒவ்வொரு பேரிங்கின் உயரமும் நூலளவு மாறும். அளந்துதான் போட வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில், டேப்பர் ரோலர் பேரிங் (கூம்பு வடிவ உருளைகள் கொண்டது) உள்ள டிஃபரன்ஷியலை, அதாவது வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதியை, வைத்துச் சொல்கிறேன்.

கியர்பாக்ஸின் வெளிக்கூடான கேஸ் அலுமினியம், உள்ளே இருப்பதெல்லாம் எஃகு. சூடானால் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக விரியும். இரண்டு பேரிங்குக்கும் இடையே 200 மி.மீ. இருந்து, சூடு 60 டிகிரி ஏறினால், கேஸ் சுமார் 0.13 மி.மீ. கூடுதலாக நீண்டுவிடும். ஆறியிருக்கும்போது கச்சிதமாக இருந்த பேரிங் ஓட்டத்தில் ஆட ஆரம்பிக்கும், கியர் ஊளையிடும். இதற்காகத்தான் பேரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைக்கிறோம், அதுவே பிரீலோட். அழுத்தம் மீறினாலும் ஆபத்து, பேரிங் சூடேறிக் கருகிவிடும்.

காந்த ஸ்டாண்டோடு டயல் கேஜ், மைக்ரோமீட்டர், டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவோடு முடுக்கும் ஸ்பேனர்), டார்க் கேஜ் (சுற்ற ஆகும் விசையைக் காட்டுவது), அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் எல்லாம் வேண்டும்.

ஷிம் உட்காரும் பள்ளத்தைச் சுத்தமாகத் துடையுங்கள். தலைமுடி கனத்துக்கு அழுக்கு இருந்தாலே கணக்கு கெடும். தெரிந்தே மெல்லிய ஒரு ஷிம்மை, 0.50 என்று வைத்துக்கொள்வோம், போட்டு அதன்மேல் கப்பை, அதாவது பேரிங்கின் வெளி வளையத்தை, தட்டி இறக்குங்கள். இறங்கும்வரை சத்தம் மந்தமாக இருக்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் கணீரென்று மாறும். அந்த மாற்றத்தைக் காதால் பிடியுங்கள்.

பேரிங்குக்குக் கியர் ஆயில் விட்டு, மற்ற ஷாஃப்ட்டுகள் இல்லாமல் டிஃபரன்ஷியலை மட்டும் வைத்து, சீலன்ட் தடவாமல் கேஸை மூடி, போல்ட்டுகளை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு முடுக்குங்கள்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். டிஃபரன்ஷியலைக் கீழே அழுத்தியபடி இருபது சுற்றாவது சுற்றுங்கள். ரோலர்கள் உருண்டு உருண்டுதான் தங்கள் இடத்தில் உட்காரும். அப்புறம் கேஜைப் பூஜ்யத்தில் வைத்து, மேலே தூக்கிப் பிடித்தபடி மறுபடி அதே அளவு சுற்றிவிட்டுப் பாருங்கள். கேஜ் காட்டுவதுதான் ஆட்டம். ஆரம்பத்தில் நான் இரண்டு சுற்றோடு நிறுத்தி 0.24 என்று எழுதிக்கொண்டேன். ஒழுங்காகச் சுற்றி எடுத்தபோது 0.38 காட்டியது. அந்த 0.24-ஐ நம்பியிருந்தால் ஷிம் மெல்லியதாகி, கொஞ்ச நாளில் பேரிங் தளர்ந்திருக்கும். மூன்று முறை எடுங்கள். மூன்றும் ஒத்துவந்தால்தான் அந்த அளவை நம்பலாம்.

கணக்கு சுலபம். சோதனை ஷிம் 0.50, ஆட்டம் 0.38, மேனுவல் சொல்லும் பிரீலோட் 0.25 என்றால் மொத்தம் 1.13 மி.மீ. ஆட்டம், பிரீலோட் இரண்டும் உதாரணத்துக்குத்தான்; உங்கள் வண்டியின் அளவு வேறாக இருக்கும். ஷிம்மில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், நாலு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள்.

கப்பைக் கழற்றி, சரியான ஷிம்மைப் போட்டு, மறுபடி மூடி முடுக்குங்கள். ஆக்ஸில் துளை வழியாக, டிஃபரன்ஷியலுக்குள் சின்ன கியர்களைத் தாங்கும் குறுக்குப் பின்னைப் பிடிக்கும் கருவியை டார்க் கேஜில் மாட்டி, நிதானமாகச் சுற்றுங்கள். முதல் அசைவுக்கு ஆகும் விசையை விட்டுவிட்டு, சீராகச் சுழலும்போது காட்டுவதை மட்டும் மேனுவலோடு ஒப்பிடுங்கள். புது பேரிங்குக்கும் ஓடிய பேரிங்குக்கும் தனித்தனி அளவு இருக்கும், சரியான வரிசையைப் பாருங்கள். கூடுதலாகக் காட்டினால் ஒரு படி மெல்லிய ஷிம், குறைவாகக் காட்டினால் ஒரு படி கனத்தது. அளவு பிடிபட்ட பிறகு கேஸைத் திறந்து, மற்ற ஷாஃப்ட்டுகளைப் பூட்டி, சீலன்ட் தடவி மூடலாம்.