பற்றரி சார்ஜ் ஏறாததன் காரணத்தைக் கண்டறிதல்

திருகோணமலையில், குறிப்பாக உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றுப்பட நிற்கும் கார்களில், ஓல்டர்னேற்றரை (இயந்திரம் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் செய்யும் மின்பிறப்பாக்கி) கழற்றுவதற்கு முன் பற்றரி முனைகளைப் பார்ப்பதே முறை. கவ்வியின் உட்புறத்தில் படியும் வெண்பச்சைப் பூப்பு மின்னோட்டத்தைத் தடுக்கும். எதிர்முனையை (–) முதலில் கழற்றி, ஈயம் பளிச்சிடும்வரை தேய்த்து இறுக்கவும்.

பின்னர் இயந்திரத்தை ஓடவிட்டு, ஹெட்லைற்றையும் போட்டு, மல்டிமீற்றரால் முனைகளில் அளக்கவும். 13.8 முதல் 14.4 வோல்ற் வரை காட்டியும் காலையில் பற்றரி இறங்கியிருந்தால், பற்றரி பழுதாகியிருக்கலாம், அல்லது எங்கோ மின் கசிவு இருக்கலாம். 12.6இற்கு மேல் ஏறாவிட்டால் முதலில் ஓல்டர்னேற்றரைச் சுழற்றும் பெல்ட்டின் இறுக்கத்தைப் பாருங்கள். ஓல்டர்னேற்றரின் வெளியீட்டு முனையில் 14 வோல்ற் இருந்தும் பற்றரிக்கு வந்து சேராவிட்டால், கோளாறு வயரிலோ பியூசிலோதான்.

ஓடும் இயந்திரத்தில் பற்றரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் இக்காலக் கார்களின் கணினியையே எரித்துவிடக்கூடும்.