பூங்காவைத் தேர்வதற்கு முன் மாதத்தைப் பாருங்கள்

இலங்கையில் காடு பார்க்க வெளிக்கிட்டால் நம் ஆட்கள் பாடசாலை விடுமுறையைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் வன்னிக்காரன். எந்தக் குளம் வற்றியது, எந்த மரம் பழுத்தது என்று விசாரித்த பிறகுதான் ஜீப் பேசுவேன்.

கரடி பார்க்க ஆசையா? ஜூன், ஜூலையில் வில்பத்துவுக்குப் போங்கள். அப்போதுதான் பாலைப்பழக் காலம். சின்ன வயதில் வாய் ஒட்ட ஒட்ட நாங்கள் தின்ற அதே பழம். கரடி அதற்காக மரத்திலேயே ஏறிவிடும். அதனால் சாரதியிடம் பழுத்த பாலை எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். வில்பத்து 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல், இலங்கையின் மிகப்பெரிய தேசியப் பூங்கா. அரைநாள் பயணம் காசுக்குக் கேடு. முழுநாள் எடுத்து, சாப்பாடும் கட்டிக்கொண்டு போய், மழைநீர் தேங்கும் ஒரு வில்லுக் கரையில் எஞ்சினை நிறுத்திவிட்டு இருங்கள். புள்ளிமான் திடீரென்று கத்தினால் அது பார்க்கும் பக்கமே நீங்களும் பாருங்கள்; சிறுத்தை அங்கே இருக்கக்கூடும்.

சிறுத்தைக்கென்றே தெற்கே யால பூங்காவுக்கு ஓடுபவர்கள் உண்டு. ஒரு விலங்கைச் சுற்றி அத்தனை ஜீப் நிற்பது எனக்குப் பிடிக்காது. போவதாக இருந்தால், செப்டெம்பர் வாக்கில் வறட்சிக்காக மூடுவது வழக்கம், கேட்டுவிட்டுப் போங்கள்.

யானைக்கு மின்னேரியா பூங்கா, ஆகஸ்ட், செப்டெம்பர். குளத்து நீர் இறங்க இறங்க, வெளியே தெரியும் தரையில் இளம்புல் முளைக்கும். அதை மேயச் சுற்றுக் காட்டு யானைகள் பிற்பகலில் கூட்டம் கூட்டமாக வரும். குளம் நிறைந்திருந்தால் புல்லும் இல்லை, யானையும் இல்லை. அந்த நேரம் யானைகள் பக்கத்துக் கவுடுல்ல பூங்காவில் நிற்கலாம். இன்றைக்கு எங்கே என்று ஹபரணை ஜீப்காரர்களுக்குத் தெரியும். காசு கொடுக்குமுன் கேளுங்கள்.

சிங்கராஜ மழைக்காட்டில் நடைதான், அட்டை கடிக்காமலிருக்க நீளக் காலுறை போடுங்கள்.

கையில் காசு குறைவா? நவம்பரிலிருந்து மார்ச் வரை மன்னாருக்கு பஸ் ஏறுங்கள். வங்காலைப் பக்கம் ஆழமில்லாத நீரில் வலசை வந்த பறவைகள் நிற்கும், பூநாரைகளும் இருக்கலாம். தொலைநோக்கி ஒன்று இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். விடியவே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கானலில் கொக்கும் நாரையும் ஒன்றாய்த் தெரியும்.